பொம்மை எந்த அறையில் இருக்கிறது?

நியோநேட்டலி என்பது பச்சிளங்குழந்தை அளவுள்ள ஒரு பயிற்சிப் பொம்மை. காற்றும் நீரும் இல்லாதபோது மடித்துத் தோள்பையில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால், கையில் எடுப்பவருக்கு அப்போதுதான் பிறந்த குழந்தையை ஏந்தியது போலவே கனக்கும். கழுத்து நிற்காது, கைகால் துவளும். பயிற்சி கொடுப்பவரின் உள்ளங்கையில் சிறு ரப்பர் குமிழ்கள் இருக்கும். ஒன்றை அமுக்கினால் தொப்புள்கொடியில் நாடி துடிக்கும், இன்னொன்றை அமுக்கினால் குழந்தை மூச்சு விடும். அவர் எதையும் அமுக்காமல் இருந்தால், குழந்தை பிறந்தும் அழவில்லை என்று பொருள். பயிற்சி பெறும் செவிலியர் துடைக்க வேண்டும், முதுகைத் தேய்த்துவிட வேண்டும்; அப்போதும் மூச்சு வராவிட்டால் ஆம்பு பையை எடுத்து முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி பொருத்திக் காற்றை அமுக்கிச் செலுத்த வேண்டும். தலை சரியான வாக்கில் இல்லையென்றாலோ, முகமூடியின் ஓரத்தில் காற்று கசிந்தாலோ பொம்மையின் மார்பு எழும்பாது. இந்தப் பொம்மையை உருவாக்கிய லார்டல் நிறுவனம் நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள ஸ்டவாங்கர் நகரத்தில் இருக்கிறது. உலக மக்களின் நலவாழ்வுக்காக உழைக்க விரும்பும் மருத்துவ, செவிலிய, பொறியியல் மாணவர்கள் இத்தகைய நிறுவனங்களுக்குச் சென்று பார்த்துவருவது இன்று படிப்பின் ஒரு பகுதியாகி வருகிறது. தஞ்சாவூரிலிருந்து ஒரு மாணவர் அங்கே போனால் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்பதே இங்கே கேள்வி.

அந்த நிறுவனத்தின் கதையே பாதி பாடம். 1940-ல் ஓஸ்முண்ட் லார்டல் அதைத் தொடங்கியபோது வாழ்த்து அட்டையும் குழந்தைகள் புத்தகமும்தான் அச்சிட்டார். பிறகு மரப் பொம்மை, அதன்பின் மிருதுவான பிளாஸ்டிக்கில் பொம்மையும் காரும் செய்தார். 1950-களின் பிற்பகுதியில், மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதினால் பிழைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவில் மயக்கவியல் மருத்துவர் பீட்டர் சாஃபர் நிறுவிக்காட்டினார். முறை எளிது; பழகிப்பார்க்க உடல் வேண்டுமே! உயிரோடிருக்கும் ஒருவரை மயக்கிப் படுக்கவைத்து ஊரெல்லாம் பழகிப்பார்க்க முடியாது. நார்வே மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் லிண்ட் போன்றவர்கள் லார்டலிடம் வந்தார்கள். பாரிஸில் சேன் ஆற்றில் மிதந்து வந்த, பெயர் தெரியாத பெண் ஒருத்தியின் முகம் என்று சொல்லப்பட்ட ஓர் அச்சு ஐரோப்பிய வீடுகளின் சுவர்களில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த முகத்தோடு 1960-ல் ‘ரெசஸி ஆன்’ வந்தது. மருத்துவக் கருவி செய்பவர்கள் செய்திருந்தால் இது ஆராய்ச்சிக்கூடத்து எந்திரமாக ஆகியிருக்கக்கூடும். பொம்மை செய்பவர் செய்ததால், பள்ளிப் பிள்ளைகளும் பயப்படாமல் தொடுகிற பொருளாயிற்று. 2010-ல் அதே நிறுவனம் லாப நோக்கமற்ற ‘லார்டல் குளோபல் ஹெல்த்’ என்ற தனி அமைப்பைத் தொடங்கி, பிரசவத்தில் தாயையும் சேயையும் காப்பாற்றும் பயிற்சிக் கருவிகளை ஏழை நாடுகளுக்கு அடக்க விலையில் கொடுக்கத் தொடங்கியது. நியோநேட்டலி அதன் மூத்த பிள்ளை. பயிற்சியாளர் தன் வயிற்றில் கட்டிக்கொள்ளும் ‘மாமாநேட்டலி’ அடுத்தது. கர்ப்பப்பை சுருங்குவதும் தளர்வதும், நஞ்சுக்கொடி விழுவதும், ரத்தப்போக்கு பெருகுவதும் எல்லாம் அதில் உண்டு.

இவ்வளவையும் பார்க்கும் ஒருவர், உயிர் பிழைக்கிற இடம் இதுதான் என்று நினைத்துவிடுவது எளிது. அப்படி நினைக்கக் கூடாது என்பதை அந்த ஊரே சொல்லிக்கொடுக்கிறது. ஸ்டவாங்கருக்கு அருகில் உட்ஸ்டைன் என்ற பழைய மடம் இருக்கிறது. 2006-ல் அங்கே கூடிய உயிர்மீட்பு வல்லுநர்கள் ஒரு சூத்திரத்தை விவாதித்தார்கள்: மருத்துவ அறிவு, அதைக் கற்பிக்கும் திறன், அந்தந்த இடத்தில் அதை நடைமுறைப்படுத்தும் விதம், இந்த மூன்றையும் பெருக்கினால் வருவதே பிழைத்தோர் எண்ணிக்கை. கவனிக்க வேண்டியது, இது கூட்டல் அல்ல, பெருக்கல். மூன்றில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். காவிரி டெல்டாக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் 120 அடி நிற்கலாம், ஜூன் 12-ல் மதகைத் திறந்து மலர் தூவலாம், கல்லணையில் நான்கு திசைக்கும் தண்ணீர் பிரியலாம். கிளை வாய்க்கால் தூர் வாராமல் கிடந்தால் பேராவூரணிப் பக்கத்துக் கடைமடையில் நாற்று கருகும். அங்கே நிற்பவருக்கு அணையின் நீர்மட்டம் வெறும் செய்தி. பயிற்சிக் கருவி செய்கிற நிறுவனம் அணையின் இடத்தில் இருக்கிறது. மாணவர்களை அணையைப் பார்க்கக் கூட்டிப்போகிறோம்; கடைமடைக்குக் கூட்டிப்போகிறோமா?

கடைமடையில் என்ன நடந்தது என்பதற்கு வலுவான சான்று தான்சானியாவின் வடக்கே ஹைடோம் என்ற கிராமப்புற மருத்துவமனையிலிருந்து வந்தது. அங்கே பிரசவ வார்டு ஊழியர்களுக்கு இந்தப் பொம்மையை வைத்து ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு மாதம் கழித்துப் பொம்மையிடம் செய்து காட்டச் சொன்னபோது, மூச்சு மீட்பில் தேறியவர்கள் நூற்றுக்கு 18 பேரிலிருந்து 74 பேராக உயர்ந்திருந்தார்கள். எந்த அரசு அலுவலகத்துக்கு அனுப்பினாலும் பாராட்டு வாங்கித் தரும் எண் இது. ஆனால் ஆய்வாளர்கள் அத்தோடு நிற்கவில்லை. பிரசவ வார்டிலேயே ஆட்களை உட்காரவைத்து, நிஜக் குழந்தைகள் பிறக்கும்போது அதே ஊழியர்கள் என்ன செய்கிறார்கள் என்று நேரம் குறித்துப் பார்த்தார்கள். அங்கே மாற்றம் இல்லை. குழந்தை இறப்பும் குறையவில்லை. 2013-ல் இதை வெளியிட்டவர்கள் ஸ்டவாங்கரோடு நெருங்கிய தொடர்புள்ள ஆய்வாளர்களே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தங்கள் ஊர்ப் பொம்மை தோற்றதைத் தாங்களே எழுதினார்கள். பிறகு முறையை மாற்றினார்கள். பொம்மையைப் பிரசவ வார்டுக்குள்ளேயே வைத்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை மூன்று முதல் ஐந்து நிமிடம், மாதத்துக்கு ஒரு முறை நாற்பது நிமிடம், வேலை நேரத்திலேயே, வேலை செய்யும் இடத்திலேயே பழகச் சொன்னார்கள். 2015-ல் வந்த முடிவு: பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1-லிருந்து 7.2 ஆகக் குறைந்தன. அதே பொம்மை, அதே மருத்துவமனை. மாறியது பொம்மை இருந்த அறையும், கை அதைத் தொட்ட தடவைகளும்தான். இந்த வழியை விரிவாக்கி, கருவிலேயே இதயத்துடிப்பைக் கணிக்கும் கருவி, புள்ளிவிவரத்தை உடனுக்குடன் வார்டுக்கே திருப்பித் தரும் ஏற்பாடு ஆகியவற்றையும் சேர்த்துத் தான்சானியாவின் 30 மருத்துவமனைகளில் செய்த பெரிய ஆய்வு 2025-ல் வெளியானது. பிரசவத்தை ஒட்டிய குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 15.3-லிருந்து 12.5 ஆக இறங்கியிருந்தது.

நம் பக்கத்து மாநிலத்திலும் ஒரு சான்று உண்டு. கர்நாடகத்தின் பெல்காம் பகுதியில் பிரசவம் பார்க்கும் 599 பேருக்கு இதே பயிற்சியைக் கொடுத்தபின், இறந்தே பிறந்ததாகப் பதிவான குழந்தைகளின் விகிதம் நூற்றுக்கு 3.0-லிருந்து 2.3 ஆகக் குறைந்தது. பிறந்தபின் மூச்சு மீட்கும் பயிற்சி, இறந்து பிறப்பதை எப்படிக் குறைக்கும்? அழாமல், அசையாமல், வெளிறிப்போய்ப் பிறக்கும் குழந்தைகளில் சிலவற்றுக்கு இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. தொப்புள்கொடியைத் தொட்டுப் பார்க்காதவர் அதை ‘இறந்து பிறந்தது’ என்று எழுதிவிடுகிறார். தொட்டுப் பார்த்து, ஆம்பு பையை எடுத்தவர் கையில் அதே குழந்தை அழுகிறது. பொம்மையின் தொப்புள்கொடியில் ஒரு குமிழ் வைத்து நாடியைத் துடிக்கவிட்டது எவ்வளவு பெரிய யோசனை என்பது இந்த இடத்தில்தான் புரிகிறது. ஆனால் அதே பெல்காம் ஆய்வில் பிறந்த முதல் மாதத்துக் குழந்தை இறப்பு குறையவில்லை. மூச்சைக் கொடுத்துவிட்டால் போதாது. குறைமாதக் குழந்தைக்குக் கதகதப்பும், கிருமித்தொற்றுக்கு மருந்தும், மேல்சிகிச்சைக்கு வண்டியும் வேண்டும். இதைச் சொல்லாமல் முதல் எண்ணை மட்டும் சொல்வது வாசகருக்கு நியாயமாகாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இந்தியா 2009-லேயே பச்சிளங்குழந்தை பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கிப் பிரசவம் பார்க்கும் ஊழியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்துவருகிறது. 2019-ல் வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டத்தின்படி, நோயாளியைத் தொடும் முன் மாதிரிகளில் பழகுவதற்கான பயிற்சிக்கூடம் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இருக்க வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் பிரசவமும் குழந்தை மருத்துவமும் கற்பது நகர நடுவே உள்ள இராசா மிராசுதார் மருத்துவமனையில். ஆக, அறிவும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. ஆனால் இரண்டு நாள் பயிற்சிக்கு வந்து சான்றிதழோடு திரும்பும் செவிலியருக்கு ஹைடோமின் முதல் ஆண்டு கதைதான் நேரக்கூடும். பொம்மை பயிற்சி மையத்தில், பிரசவம் ஆரம்ப சுகாதார நிலையத்தில். இரண்டுக்கும் நடுவே முப்பது, நாற்பது கிலோமீட்டரும் பல மாதங்களும். பொம்மைக்கு விலை உண்டு, தணிக்கை உண்டு. தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் பீரோவில் வைத்துப் பூட்டவே விரும்புவார். அது அவர் குற்றம் அல்ல. பூட்டிவைத்தவரைக் கேள்வி கேட்காமல், பழகவிட்டுக் கிழிந்துபோனால் கேள்வி கேட்கிற ஏற்பாட்டின் குற்றம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் நிலை தான்சானியாவின் நிலை அல்ல. இங்கே கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் அது 99.6 சதவீதம். 2020-ல் குழந்தை இறப்பு இந்தியாவுக்கு ஆயிரத்துக்கு 28, தமிழ்நாட்டுக்கு 13. தாய் இறப்பு 2018–20 கணக்கில் இந்தியாவுக்கு லட்சத்துக்கு 97, நமக்கு 54. தனிப் பொது சுகாதாரத் துறை, 24 மணி நேரமும் பணியில் செவிலியர், ஒவ்வொரு தாய் இறப்பையும் விசாரிக்கும் நடைமுறை, 108 வண்டி என்று பல பத்தாண்டு உழைப்பின் பலன் இது. இவ்வளவு முன்னேறிய இடத்துக்கு ஆப்பிரிக்கக் கிராமத்துப் பாடம் எதற்கு என்று கேட்கலாம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை தலைகீழாக வருகிறது. பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு மூச்சு தொடங்க ஏதாவது உதவி தேவை. பெரும்பாலானவற்றுக்குத் துடைத்துத் தேய்த்துவிடுவதே போதும். ஆம்பு பை தேவைப்படுபவை நூற்றுக்கு மூன்று முதல் ஆறு வரை. மாதம் பத்துப் பிரசவம் நடக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 120 குழந்தைகள். ஆம்பு பை தேவைப்படுபவை நான்கு முதல் ஏழு. மூன்று செவிலியர் முறை மாற்றி வேலை பார்த்தால் ஒருவருக்கு ஆண்டில் ஒன்றோ இரண்டோ தடவை வரும். சிக்கலான பிரசவங்களை முன்கூட்டியே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறோம் என்பதால் அதுவும் குறையும். ஆண்டுக்கு ஒரு தடவை செய்கிற வேலையில், முதல் ஒரு நிமிடத்துக்குள், இரவு இரண்டு மணிக்கு, எந்தக் கை தடுமாறாமல் இருக்கும்? நாம் முன்னேற முன்னேற, ஆபத்தை நேரில் பார்க்கும் வாய்ப்பு குறைகிறது; பார்க்காத கைக்குப் பழக்கம் விட்டுப்போகிறது. ஆகவே பொம்மை தேவைப்படுவது பின்தங்கிய இடத்துக்கு மட்டும் அல்ல, முன்னேறிய இடத்துக்கும்தான்.

டெல்டாவுக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. அது எந்த வெளிநாட்டு விளக்கப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இராது. நெல்வயல் என்றால் எலி, எலி என்றால் பாம்பு. நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்தால் நஞ்சு நரம்பைத் தாக்கும். இமை சரியும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சை இழுக்கும் தசைகள் செயலற்றுப்போகும். நஞ்சுமுறி மருந்து ஏற்றியபிறகும் சிலருக்கு மூச்சு திரும்பச் சில மணி நேரமோ சில நாளோ ஆகும். வேதாரண்யம் பக்கமிருந்தோ பட்டுக்கோட்டைப் பக்கமிருந்தோ பெரிய மருத்துவமனைக்கு வண்டி வந்து சேரும்வரை அவரை உயிரோடு வைத்திருப்பது ஆம்பு பையை அமுக்கும் ஒரு கை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. பெரியவருக்கான முகமூடி பெரிது, அமுக்கும் வேகம் குறைவு. மற்றபடி தலையை வாகாக வைப்பது, கசிவில்லாமல் மூடுவது, மார்பு எழும்புகிறதா என்று கண் வைப்பது எல்லாம் பிரசவ வார்டில் பழகிய அதே கைவேலைதான். ஸ்டவாங்கரில் நிற்கும் தஞ்சை மாணவர் இந்தத் தேவையை எடுத்துச் சொன்னால், கேட்பவர்களுக்கு அது புதிய செய்தியாக இருக்கும். வெளிநாடு போகிற மாணவர் வாங்கிக்கொண்டு மட்டும் வர வேண்டியதில்லை, கொடுத்துவிட்டும் வரலாம் என்பது இதனால்தான்.

அறிவு ஒரு பக்கமாகவே ஓடுகிறது என்ற எண்ணமும் வரலாற்றோடு ஒட்டாது. பிரசவத்துக்குப் பின் எவ்வளவு ரத்தம் போகிறது என்று அளக்க, கீழே பை வடிவில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று பெல்காம் மருத்துவர்கள் பங்குகொண்ட ஆய்வில் உருவானது. கண்ணால் மதிப்பிட்டால் பாதியைத் தவறவிடுவோம், விரிப்பு தவறவிடாது. அதே வகை விரிப்பை முதல் படியாக வைத்துக் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, கடும் ரத்தப்போக்கையும் அதனால் வரும் விளைவுகளையும் 60 சதவீதம் குறைத்ததாக 2023-ல் தெரிவித்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பயிற்சிக்காக வெளிநாட்டவர் வந்துகொண்டே இருக்கிறார்கள். அதற்கும் முன்னால், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். நோயாளி பேசும் மொழியில் படித்தவரே நோயாளியோடு இருப்பார் என்று நம்பியவர் அவர். இன்றைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் பிரசவ அறையில் ஒலிக்க வேண்டியது தமிழ்தான். “கொடியைத் தொட்டுப் பாருங்க, துடிக்குதா?” என்று கேட்டால் கை உடனே போகும்.

தஞ்சைக்கே இதில் ஒரு முன்னோடி இருக்கிறார். 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி, உண்மையான எலும்பைத் தொடத் தடை இருந்த காலத்தில் செயற்கையாகச் செய்த எலும்புக்கூட்டை வைத்து உடற்கூறு பயின்றவர். மாதிரியைக் கொண்டு படிப்பது தஞ்சைக்குப் புதிது அல்ல. ஆனால் அவர் மாதிரியோடு நிற்கவில்லை. அவருடைய தன்வந்திரி மகாலில் கண்நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தது. ஒவ்வொருவரின் கண்ணையும் படமாக வரைந்து, செய்த சிகிச்சையையும் கண்ட பலனையும் எழுதிய குறிப்புகள் இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. மாதிரியில் கற்றதை மனிதரிடம் சோதித்து, சோதித்ததை எழுதிவைத்தார்கள். ஹைடோமில் பிரசவ வார்டில் ஆள் உட்கார்ந்து நேரம் குறித்ததும் இதே ஒழுக்கம்தான்.

இன்னும் இரண்டு கேள்விகள். ஒன்று, விற்கிற நிறுவனம் மாணவர்களை வரவேற்பது விளம்பரம்தானே என்பது. விற்பனை இல்லாமல் எந்த நிறுவனமும் இல்லை. லாபமற்ற கிளைக்குப் பின்னால் லாபமுள்ள தாய் நிறுவனம் இருக்கிறது. மாணவர் அதை மறக்காமல், ஒவ்வொரு ஆய்வுக்கும் பணம் கொடுத்தவர் யார், தோற்ற ஆய்வுகள் எவை, உதிரிபாகம் எங்கள் ஊரில் கிடைக்குமா, முகமூடி கிழிந்தால் என்ன விலை என்று கேட்க வேண்டும். தோல்வியை வெளியிட்ட வரலாறு உள்ள இடத்தில் இதையெல்லாம் கேட்கலாம். இன்னொன்று, லட்சக்கணக்கில் செலவழித்து அவ்வளவு தூரம் போவானேன், காணொளியில் பார்க்கக் கூடாதா என்பது. பொம்மையை மட்டும் பார்ப்பதானால் காணொளி தாராளமாகப் போதும். பொறியாளரும் செவிலியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, குமிழை எந்த விரலுக்கு வாகாக வைப்பது என்று வாதிடுவதைப் பார்க்கவும், அந்த வாதத்தில் தானும் ஒரு சொல் சொல்லவும்தான் போக வேண்டும். அதற்குத் தகுதி முன்கூட்டியே வர வேண்டும். பிரசவ வார்டில் இரவுப் பணி பார்க்காத மாணவரிடம் அந்த மேசையில் சொல்ல ஒன்றும் இராது.

அதனால் பயண ஏற்பாடு கிராமத்திலிருந்து தொடங்கட்டும். மருத்துவ மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து போய்வர வேண்டும் என்ற விதி இப்போதே பாடத்திட்டத்தில் இருக்கிறது. வெளிநாடு போக விரும்புபவர், அதே ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வாரம் செவிலியருக்குக் கீழே வேலை பார்க்கட்டும். அங்கே அவருக்கு ஆசிரியர் அந்த சிஸ்டர்தான். ஆம்பு பை எந்த அலமாரியில் இருக்கிறது, எடுக்க எத்தனை நொடி ஆகிறது, சிறிய முகமூடி இருக்கிறதா, கடைசியாக யார் எப்போது அதைக் கையில் எடுத்தார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். முடிந்தால் பயணச்செலவில் ஒரு பங்கு அந்தச் சிஸ்டருக்கும் ஒதுக்கப்படட்டும். ஸ்டவாங்கர் மேசையில் அவர் சொல்வதற்குத்தான் அதிக எடை இருக்கும். திரும்பி வந்தபிறகு மாணவர் தர வேண்டியது புகைப்படத் தொகுப்பு அல்ல, ஓராண்டுக் குறிப்பேடு: எந்த வாரம் எந்தச் செவிலியர் பழகினார், எத்தனை குழந்தைகள் அழாமல் பிறந்தன, முதல் காற்று எத்தனையாவது நொடியில் போனது. நேரம் இல்லை என்பார்கள். தடுப்பூசி நாள், கர்ப்பிணிகள் பரிசோதனை நாள், கணினியில் பதிவு என்று செவிலியரின் பளு உண்மையாகவே அதிகம். ஹைடோமில் கேட்டது வாரத்துக்கு ஐந்து நிமிடமும் மாதத்துக்கு ஒரு முறை நாற்பது நிமிடமும்தான். இரவுப் பணி முடித்த சிஸ்டர் காலையில் வருபவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் நேரம் எப்படியும் இருக்கிறது. குழந்தைக்கு வெப்பம் தரும் வார்மருக்குப் பக்கத்து மேசையில், தண்ணீர் ஊற்றிய பொம்மை, பூட்டு இல்லாமல் கிடந்தால், வருபவர் ஒரு தடவை, போகிறவர் ஒரு தடவை, மார்பு எழும்புகிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம்.